ஏற்காட்டுக் காற்றும் எலும்பில் தங்கிய ஈயமும்

ஆல்பிரட் ஸ்டாக் ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர்களில் ஒருவர். 1926-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை, வழக்கம்போல் போரான் சேர்மங்களைப் பற்றியது அல்ல. தன் உடம்பைப் பற்றியது. ஏறக்குறைய கால் நூற்றாண்டாக அவருக்குத் தலைவலி, தலைசுற்றல், தீராத மூக்கடைப்பு, எந்த வேலையிலும் மனம் ஒட்டாத அசதி. எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது மறதி. பார்க்காத மருத்துவம் இல்லை. கடைசியில் காரணம் அவர் தினமும் நின்று வேலை பார்த்த ஆய்வகத்திலேயே இருந்தது. கருவிகளில் நிரப்பிய பாதரசத்தின் ஆவி, கண்ணுக்குத் தெரியாமல், மணமில்லாமல், ஆண்டுக்கணக்காக அவருடைய மூச்சில் கலந்துகொண்டிருந்தது.

இன்று ஒருவர் இதே அறிகுறிகளைச் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? "வேலை ஜாஸ்தி. பர்ன்-அவுட் ஆயிட்டீங்க. நாலு நாள் லீவு போட்டு ஏற்காடு போய்ட்டு வாங்க." அறிவுரை பாதி சரி. ஆனால் மலைவாசத்தலங்களில் இப்போது அறை வாடகையோடு 'டீடாக்ஸ்' என்ற பொதியும் சேர்ந்தே விற்கிறது. உடம்பில் சேர்ந்த கன உலோகங்களை ஒரே வாரத்தில் வெளியேற்றி, சோர்வை வேரோடு பிடுங்கிவிடுவதாக அதற்கு விளம்பரம். வேலைக் களைப்பும் உலோக நஞ்சும் ஒரே மாதிரி தலைகாட்டும் என்பது உண்மை. இரண்டுக்கும் ஒரே மருந்து என்பது உண்மையல்ல. அந்தக் குழப்பத்தில் பணம் போகிறது என்பதைவிட, உண்மையில் நஞ்சேறியவர்களுக்கு நாள் வீணாகிறது என்பதுதான் என் கவலை.

பர்ன்-அவுட் என்ற சொல்லை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், ஆண்டு 1974. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் இதற்கு இடம் உண்டு. ஆனால் நோயாக அல்ல, வேலையிடத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்வாக. சக்தியெல்லாம் வடிந்துபோவது, வேலையின்மேல் வெறுப்பு தட்டுவது, 'என்னால் எதுவும் ஆகவில்லை' என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். தாங்கமுடியாத வேலை அழுத்தம் நீண்ட நாள் தணியாமல் போனதே காரணம் என்று அந்த வரையறையே சொல்கிறது.

இதற்கு மலை உதவுமா? உதவும். ஏற்காட்டின் 1515 மீட்டர் உயரத்துக் குளிர், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, கோடை மழைக்குப் பிறகு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் காப்பித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்தே, சமவெளியின் வெக்கையில் தவித்தவர்களை ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலை தாங்கியிருக்கிறது. காட்டில் நடப்பதை ஜப்பானியர்கள் 1982 முதல் ஒரு நலப்பழக்கமாகவே ஊக்குவிக்கிறார்கள். காட்டில் நடந்தவர்களிடம் ரத்த அழுத்தமும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் ஓரளவு குறைவதைப் பல சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யோகா, மூச்சுப் பயிற்சி, நேரத்துக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்குத் தூக்கம் எல்லாம் நல்லவையே. இவற்றை 'மாற்று மருத்துவம்' என்று சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் கீழே இறங்கிய பிறகு என்ன ஆகிறது? இஸ்ரேல் ஆய்வாளர்கள் மீனா வெஸ்ட்மனும் டோவ் ஈடனும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. விடுமுறைக்கு முன்னும், நடுவிலும், பின்னும் அலுவலக ஊழியர்களின் சோர்வை அளந்தார்கள். விடுமுறையில் அது நன்றாகவே குறைந்தது. திரும்பி வந்த மூன்றாம் நாளே மீண்டும் ஏறத் தொடங்கியது. மூன்று வாரத்தில் பழைய அளவுக்கே வந்துவிட்டது. வேலை மாறவில்லையென்றால் ஓய்வின் பலன் மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும்.

இனி உலோகத்துக்கு வருவோம். மலைக்காற்று நஞ்சை முறிக்கும் என்பவர்கள் ஏற்காட்டின் அண்ணன் ஊரான கொடைக்கானலைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980-களின் தொடக்கத்தில் அங்கே அமைந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் நடத்தியது. பாம்பார் சோலையை ஒட்டிய, தூய காற்று வீசும் இடம். உள்ளே கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பும் வேலை. ஆவியாக உள்ளே போகும் பாதரசத்தில் சுமார் 80 விழுக்காடு நுரையீரல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடும். அதே பாதரசத்தைத் தவறிப்போய் விழுங்கினால் குடல் கிட்டத்தட்ட எதையும் உறிஞ்சாது. ஆகவே ஆபத்து மூச்சில்தான். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கு ஆலை காரணமல்ல என்று நிறுவனம் சொல்லிவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் அது உடன்பாடு செய்துகொண்டது. தலைவலி, மறதி, கைநடுக்கம், சிறுநீரகக் கோளாறு என்று அந்தத் தொழிலாளர்கள் வரிசையாகச் சொன்ன அறிகுறிகளை ஸ்டாக்கின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். வருடம் முழுக்க மலைக்காற்றைச் சுவாசித்தவர்கள் அவர்கள்.

சேர்வராயன் மலையும் உலோகத்துக்கு அந்நியமான மண் அல்ல. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதன் உச்சிகளில் பாக்சைட் வெட்டினார்கள். (அலுமினியம் கன உலோகம் அல்ல, எடை குறைந்தது.) சேலத்திலிருந்து ஏறும்போது அடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் மேடுகள் மாக்னசைட் சுரங்கங்கள், அந்தப் பக்கத்து ரயில் நிலையத்துக்கே மாக்னசைட் ஜங்ஷன் என்றுதான் பெயர். அதே பாறைகளில் குரோமைட்டும் உண்டு. இவ்வகைப் பாறையிலிருந்து உருவான மண்ணில் குரோமியமும் நிக்கலும் இயல்பிலேயே கூடுதலாக இருக்கும். காப்பித் தோட்டங்களில் இலைத்துருவுக்கு அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம், அதாவது தாமிரம். இவற்றால் சுற்றுலா வருபவருக்கு ஆபத்து இல்லை. மண்ணில் உலோகம் இருப்பது வேறு, அது உடம்புக்குள் போவது வேறு.

உள்ளே போகும் வாய்ப்பு அதிகம் இருப்பது மலைக்குக் கீழே, வேலை நடக்கும் இடங்களில். சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளை எடுத்துக்கொள்வோம். சின்ன அறை. கொலுசின் கண்ணிகளைக் கோத்து, இணைப்புகளில் பற்றாசும் வெங்காரமும் வைத்து, நெருப்பை ஊதுகிறார் தொழிலாளி. முகத்துக்கும் சுடருக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. பற்றாசு பளபளவென்று உருகி ஓடும்போது மெல்லிய புகை மேலே வருகிறது. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். பற்றாசு அதற்கு முன்பே உருக வேண்டும் என்பதற்காக அதில் வேறு உலோகங்களைக் கலப்பார்கள். உலகெங்கும் நகைத்தொழிலில் நெடுங்காலம் அதற்குப் பயன்பட்ட உலோகம் காட்மியம். நகைக்கடைகளில் நாம் கேட்டுப் பழகிய 'கேடிஎம் தங்கம்' அந்தப் பற்றாசில் செய்ததுதான். காட்மியம் 767 டிகிரியில் கொதித்துவிடும். சுடர் கொஞ்சம் மிகுந்தாலும் அது புகையாகிறது. சிறுநீரகத்தில் போய்த் தங்கினால், தங்கிய அளவு பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். அதை வெளியே இழுக்க ஒப்புக்கொள்ளப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. காட்மியம் இல்லாத பற்றாசு கிடைக்கிறது, பல பட்டறைகள் அதற்கு மாறவும் முடியும். ஆனால் கையிலிருக்கும் பற்றாசில் என்ன கலந்திருக்கிறது என்று ஊதுகிறவருக்கு யார் சொல்கிறார்கள்?

ஈயத்தின் கதை இன்னும் பரவலானது. பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000-ல் நின்றது. ஆனாலும் 2020-ல் யுனிசெப்பும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் உள்ள இந்தியக் குழந்தைகள் 27.5 கோடி என்று மதிப்பிட்டது. அது வரும் வழிகள் பல: பழைய பேட்டரிகளை வீட்டோரம் உருக்குவது, பழைய பெயின்ட், சில ஊர்களில் மஞ்சள். ஆம், மஞ்சள். நிறம் ஏற்றுவதற்காக விரலி மஞ்சளில் ஈயக் குரோமேட் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் 2019-ல் அம்பலமானது. அரசு பிடியை இறுக்கியதும் இரண்டே ஆண்டில் சந்தை மஞ்சளிலிருந்து அது கிட்டத்தட்ட மறைந்தது. லீ பஜாரில் மஞ்சள் ஏலம் நடக்கும் சேலத்துக்காரர்கள் தங்கள் மஞ்சளைப் பற்றிப் பெருமைப்படலாம், கூடவே விழிப்பாகவும் இருக்கலாம். மெருகில்லாத விரலி மஞ்சளை வாங்கி நாமே அரைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ரத்தத்தில் உள்ள ஈயம் ஒரு மாத காலத்தில் பாதியாகிவிடும். அது முழுவதும் வெளியே போவதில்லை. ஒரு பகுதி கால்சியத்தோடு கால்சியமாக எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே பல பத்தாண்டுகள். கர்ப்பகாலத்தில் எலும்பு கரையும்போது மறுபடி ரத்தத்துக்கு வரும். ஒரு வார டீடாக்ஸ் எலும்புக்குள் எட்டுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தப் பொதிக்குள் இருப்பவற்றையும் பார்த்துவிடுவோம். கால்களை உப்புநீர்த் தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். அரைமணியில் தண்ணீர் செங்காவி நிறமாகும். "உங்கள் நஞ்சு" என்று காட்டுவார்கள். அது தொட்டியில் உள்ள இரும்புத் தகடு துருப்பிடித்து வந்த நிறம். கால் வைக்காமல் ஓட்டினாலும் அதே நிறம்தான் வரும். கொத்தமல்லிச் சாறு ஈயத்தை இழுக்கும் என்பதை ஈரானில் குழந்தைகளிடம் சோதித்தார்கள். வெறும் சர்க்கரைப்பாகு குடித்தவர்களைவிட அதிகமாக ஒன்றும் நடக்கவில்லை. வியர்வையில் உலோகம் கொஞ்சம் வரும்தான், ஆனால் அந்த வேலையைப் பிரதானமாகச் செய்வது சிறுநீரகமும் பித்தநீரும். இன்னொரு தந்திரம் ஆபத்தானது: உலோகத்தைப் பிணைக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதிப்பது. அப்படிச் சோதித்தால் எல்லோருக்குமே அளவு ஏறித்தான் காட்டும். அதை மாத்திரை போடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டு நோயாளி ஆக்கிவிடுவார்கள்.

உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் கிலேஷன் சிகிச்சை உண்மையான மருத்துவம். இரண்டாம் உலகப் போரில் ஆர்சனிக் விஷவாயுவுக்கு முறிவு மருந்தாக ஆக்ஸ்போர்டில் பிறந்தது. கடும் ஈய நஞ்சில் உயிர் காக்கும். ஆனால் அதற்கு வரம்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலில், குழந்தைகளுக்கு இந்த மருந்து, ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால்தான். 5-ஐத் தொட்டதுமே செய்ய வேண்டியது, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது. குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவனுக்குத் தேவையில்லாத கிலேஷன் செய்தார்கள். அதிலும் ஒத்த பெயருள்ள தவறான மருந்து. ரத்தத்தில் கால்சியம் சரிந்து குழந்தை இறந்துபோனது.

நம் சித்த மருத்துவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரசம் (பாதரசம்), லிங்கம், நாகம் முதலிய உலோக, தாதுச் சரக்குகளைச் சுத்தி செய்து பற்பமாகவும் செந்தூரமாகவும் முடிப்பது அதன் பழைய, நுட்பமான கலை. முறையாகச் செய்தால் தீங்கில்லை என்கிறார்கள் வைத்தியர்கள். அதை ஒவ்வொரு தொகுதி மருந்திலும் ஆய்வகம் சோதித்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால், 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. 2008-ல் வெளியான ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193-லும் ஐந்தில் ஒன்று இதே கதை. ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகப் பரிசோதனையை மத்திய அரசு 2006 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. உலோகத்தை நீக்க வாங்கும் புட்டியே உலோகத்தைக் கொண்டுவரக் கூடாது. சித்த மருத்துவம் வேண்டுவோர் பட்டம் பெற்ற மருத்துவரிடம், அரசு சித்த மருத்துவமனையில், அல்லது தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் பாருங்கள். பெயரில்லாத பொட்டலம் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு இதில் மெய்யான பங்கு உண்டு. இரும்பும் கால்சியமும் குறைந்த குடல், ஈயத்தை அதிகம் உறிஞ்சும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிடும் உடம்பில் உள்ளே நுழையும் ஈயம் குறையும். ஏற்கெனவே எலும்பில் தங்கியது அதனால் கரைந்துவிடாது.

ஆகவே, அசதி மாதக்கணக்கில் நீடித்தால், மலைக்கு அறை பிடிக்கும் முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாம் இதே முகத்தோடு வரும். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: பேட்டரி, பெயின்ட் சுரண்டல், பற்றவைப்பு, நகைப் பட்டறை. ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை போதும்; முடியை வெட்டி அனுப்பத் தேவையில்லை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஈய நஞ்சையும் பாதரச நஞ்சையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களாக வைத்தது. ஆனால் நாலைந்து பேர் உட்கார்ந்து ஊதும் வீட்டுப் பட்டறை அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வந்ததில்லை. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும்போது, பற்றவைப்பவர்களின் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்றும் ஆண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். காட்மியம் சிறுநீரகத்தைத் தொட்டதைக் காட்டும் முதல் தடயங்களில் ஒன்று அதுதான்.