சிறிய தளத்துக்குச் சதுர அடி விலை ஏன் அதிகம்?

அச்சுப் பதித்த வண்ணக் கான்கிரீட் தளத்தின் செலவில் ஒரு பகுதி பரப்போடு வளராது. அச்சுப் பாய்களும் ஆட்களும் வந்து சேரும் செலவு, மாதிரி போட்டு நிறம் பார்ப்பது, கடைசியில் கருவிகளைக் கழுவுவது எல்லாம் 100 சதுர அடிக்கும் 1,600 சதுர அடிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

100 சதுர அடியில் 4 அங்குலக் கனத்துக்குப் போடத் தேவை சுமார் 33 கன அடி, அதாவது ஒரு கன மீட்டருக்கும் குறைவு. கலவை லாரி ஒன்று 6 கன மீட்டர் வரை சுமக்கும். முக்கால்வாசிக்கு மேல் காலியாக வரும் லாரிக்குத் தனிக் கட்டணம் கேட்பதில் வியப்பில்லை. ஓரங்களும் கணக்கில் சேரும். 10 அடிச் சதுரத்துக்கு 40 அடி ஓரப்பலகை. 40 அடிச் சதுரத்துக்கு 160 அடி. பரப்பு 16 மடங்கு, பலகையோ 4 மடங்கே.

ஆனால் பெரிய தளத்தின் இந்த மலிவுக்கும் எல்லை உண்டு. கான்கிரீட் இறுகுவதற்குள் அச்சு பதிய வேண்டும். வெயிலில் அந்த அவகாசம் இன்னும் சுருங்கும். பரப்பு பெருகினால் கூடுதல் ஆட்களும் பாய்களும் வேண்டும், அல்லது வேலையைப் பல நாட்களாகப் பிரிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு நாள் கலவையிலும் தண்ணீர் அளவு சற்று மாறினாலே நிறம் வேறுபடும்.