கருவைப் பேணும் காவல் அணுக்கள்

ஒருவர் உடலின் தோலை மற்றொருவர் உடலில் ஒட்டினால், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதனை அந்நியப் பொருளென அறிந்து ஓரிரு வாரங்களில் அழித்துவிடுகின்றன. தாய் வயிற்றுக் கருவும் ஓரளவு அந்நியமே. அதன் மரபுப் பண்புகளில் பாதி தந்தைவழி வந்தவை. ஆயினும் தாயுடல் அதனை ஏறக்குறைய நாற்பது வாரங்கள் சுமந்து வளர்க்கிறது. இது எவ்வாறு இயலுகிறது என்னும் வினாவை, 1953-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் எழுப்பினார்.

கர்ப்ப காலத்தில் தாயின் காவல் அணுக்கள் செயலற்று அடங்கிவிடக்கூடும் என்பது அக்காலக் கருத்துகளுள் ஒன்று. பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் இதற்கு மாறான உண்மையை வெளிப்படுத்தின. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருப்பையின் உட்சவ்வில் வெள்ளணுக்கள் திரளாகக் கூடுகின்றன. அவற்றுள் ஏறக்குறைய 70 சதவீதம் 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' எனப்படுபவை. பெயர் அச்சந்தருவதாயினும் இவை கருவைக் கொல்வதில்லை. நஞ்சுக்கொடியின் அணுக்களுடன் சேர்ந்து, தாயின் குறுகிய சுருள் இரத்தக் குழாய்களை அகலச் செய்ய இவை துணைபுரிகின்றன. வாய்க்கால் அகன்றால் வயலுக்கு நீர் தடையின்றிப் பாய்வதைப் போல, கருவுக்கு வேண்டிய இரத்தம் அதனால் கிடைக்கிறது. குழாய்கள் போதிய அளவு அகலாவிடில் சிசுவின் வளர்ச்சி குன்றலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் மிகலாம். 'ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்' என்னும் வேறொரு வகை, கருவின்மீது தாக்குதல் எழாதவாறு தடுக்கிறது.

கருப்பையின் இத்தகைய செயல்களை அறிய, அங்கு எந்த மரபணுக்கள் எப்போது இயங்குகின்றன என்று தெரிதல் அவசியம். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள உயிர்த்தகவலியல் மற்றும் பயன்முறை உயிர்த்தொழில்நுட்ப நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள், இதற்கான விவரங்களைத் திரட்டிப் பாலூட்டிகளின் கருப்பை மரபணுப் பட்டியல் ஒன்றை 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கருப்பைத் திசுவில் வெள்ளணுக்களும் விரவியிருப்பதால், அதில் இயங்கும் மரபணுக்களுள் அவற்றின் பங்கும் அடங்கும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் மனத்திற் கொள்ளத்தக்கவை சில உண்டு. கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் கொல்லி அணுக்களை எண்ணுவதால் கருப்பையின் நிலையை அறிய இயலாது. அவ்வணுக்கள் கருவுக்குத் துணைபுரிவன ஆதலால், அவற்றை அடக்குவதற்கென ஸ்டீராய்டு மருந்துகளை வழக்கமாகக் கொடுப்பது தகாது. அதனால் பயன் உண்டென்பது உறுதிப்படவில்லை. ஆனால், கர்ப்பம் மீண்டும் மீண்டும் கலைந்த பெண்களுக்குப் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் சோதனை அவசியம். அது காணப்பட்டால், குறைந்தது 12 வாரங்கள் கழித்து மறுமுறையும் சோதித்து உறுதி செய்வர். அந்நோய்க்கு ஆஸ்பிரின், ஹெப்பாரின் ஆகிய மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் அளிக்கலாம்.

தொடக்கத்தில் கலையும் கர்ப்பங்களுள் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் குறைகளால் நேர்பவை. ஆதலின் குடும்பத்தார் பெண்ணைப் பழித்தல் அறியாமையேயாகும். அவளை நிந்திப்பதை விடுத்துக் காலத்தே மருத்துவரிடம் அனுப்புமாறு அவர்களுக்கு எடுத்துரைப்பது, கிராமங்களில் பணிபுரிவோரால் எளிதில் ஆற்றத்தக்க தொண்டு.