சுங்க வரி மறுமதிப்பீடும் காலதாமதமும்

வேங்கி நாட்டிலிருந்து வந்து சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். இன்று சுங்கத்தைத் தவிர்ப்பாரும் இல்லை. கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெறுவதும் எளிதில்லை. சித்தூர், திருப்பதியில் தொழில் நடத்தும் நம்மவர் இயந்திரமோ உதிரி பாகமோ தருவித்தால், சென்னை, காட்டுப்பள்ளித் துறைமுகங்களே பக்கம். "வரி அதிகமாக் கட்டிட்டோம், எழுதிப் போட்டும் பதிலே இல்லை, கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று கேட்போருக்கு நான் சொல்லும் விளக்கத்தையே இங்கு எழுதுகிறேன்.

2011 முதல் இறக்குமதியாளரே தம் வரியைக் கணக்கிட்டு 'பில் ஆஃப் என்ட்ரி' தாக்கல் செய்கிறார். அதிகாரி அதை மாற்றினால் அது மறுமதிப்பீடு. நாம் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளாதபோது, அவர் 15 நாட்களுக்குள் காரணம் காட்டி ஆணை தரவேண்டும். அதன்மேல் 60 நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள் கிடைக்கும்.

கூடுதல் வரியைத் திரும்பக் கேட்க ஓராண்டு கெடு. ஆட்சேபத்துடன் கட்டியிருந்தால் அந்தக் கெடு இல்லை. ஆனால் ஐ.டி.சி. வழக்கில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நாமே போட்ட கணக்கும் ஒரு மதிப்பீட்டு ஆணைதான், அது முறைப்படி மாற்றப்படாமல் பணம் திரும்பாது என்றது.

சிக்கல் இங்கேதான். பணம் திரும்பக் கேட்டு மனுக் கொடுத்து 3 மாதம் தாண்டினால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. மதிப்பீடு மாறினால்தானே அந்த மனுவே நிற்கும்? அதிகாரி மறுமதிப்பீட்டைக் கிடப்பில் போட்டால் வட்டிக் கணக்கு தொடங்குவதேயில்லை. நம் பேங்க் கடனுக்கோ வட்டி நிற்காமல் ஓடும்.

இதற்கு ஐகோர்ட்டில் ரிட் மனு ஒரு வழி. அதில் நீதிபதி பொதுவாக வரியைக் கணக்கிட மாட்டார். "விசாரித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு" என்று அதிகாரிக்கு உத்தரவிடுவார். அதிகாரி தவறாக மறுத்திருந்தால் அந்த ஆணையையும் ரத்து செய்யலாம். கைப்பேசி இறக்குமதிக்குக் கூடுதல் வரி கட்டிய சோனி இந்தியா நிறுவனம், பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தித் தரக் கேட்டு மறுக்கப்பட்டது. 2021-இல் தெலங்கானா ஐகோர்ட், அப்பீல் மட்டுமே வழியல்ல, சுங்கச் சட்டம் 149-ஆம் பிரிவின்படியும் திருத்தலாம் என்று தீர்ப்பளித்தது.

நமக்கு எந்த கோர்ட்? கடை சித்தூரில் இருந்தாலும், சரக்கு இறங்கியதும் மதிப்பீடு நடந்ததும் சென்னையில் என்றால் சென்னை ஐகோர்ட்டை நாடலாம். அமராவதிக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை.

2025 நிதிச் சட்டம், தற்காலிக மதிப்பீட்டை 2 ஆண்டுகளுக்குள் இறுதி செய்யவேண்டும் என்றது. ஆணையர் ஓராண்டு நீட்டிக்கலாம். சரக்கு வெளிவந்த பிறகு இறக்குமதியாளரே பதிவைத் திருத்தவும் அச்சட்டம் வழி வைத்தது.

ஆகவே மூன்று காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள்: ஆட்சேபக் கடிதம், காரண ஆணை கேட்ட கடிதம், திருத்த மனு. மூன்றிலும் அலுவலக முத்திரையும் தேதியும் வேண்டும். தாமதம் என்று வழக்குப் போட்டால், கோர்ட் முதலில் கேட்பது "எப்போது மனுக் கொடுத்தீர்கள்?" என்பதைத்தான். கிளியரிங் ஏஜெண்டிடம் வாயால் சொல்லி வைத்தது அங்கே செல்லாது.