வேட்பாளரை எடை போடும் முறை

தேர்தல் நெருங்கினால் நம் கடை வீதிக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். ஆண்டு முழுவதும் கண்ணில் படாதவர்கள் கூடக் கடை கடையாக ஏறி, கல்லாவுக்கு அருகில் நின்று கைகூப்புவார்கள். நாமும் சிரித்த முகத்தோடு கைகூப்பி அனுப்பி வைப்போம். ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்குவதற்கு முன் கையில் அள்ளிப் பார்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, சாக்கு எடை எவ்வளவு கழிவு என்று கேட்டு வாங்குகிற நாம், ஐந்து ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவ்வளவு விசாரிப்பதில்லை. வணிகர் சங்கம் எந்தக் கட்சிக்கும் சார்பானது அல்ல, இக்கட்டுரையும் அப்படியே. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று இங்கே நாம் சொல்லப் போவதில்லை. சொல்லப்படும் வாக்குறுதியை எப்படி எடை போடுவது என்பதைத்தான், நெய்வேலியிலும் நம் தொழிலிலும் நடந்தவற்றைக் கொண்டு சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட நினைப்பவர் முதலில் தம் கட்சிக்குள்ளேயே மாநிலம் மாநிலமாகத் தேர்தலைச் சந்திக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சின்னஞ்சிறு மாநிலத்தில் சிற்றுண்டிக் கடைகளில் உட்கார்ந்து, வரி என்ன ஆகும், எண்ணெய் விலை என்ன ஆகும் என்று சாதாரண மக்கள் கேட்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு எதிரணி வேட்பாளரோடு ஒரே மேடையில் நின்று விவாதம். 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் இப்படி விவாதித்தனர். 1992-இல் புஷ், கிளிண்டன் ஆகியோரோடு ராஸ் பெரோ என்ற தொழிலதிபரும் சேர்ந்து மூவராக மேடையேறினர். மெக்சிகோ, கனடா நாடுகளோடு செய்யும் வர்த்தக ஒப்பந்தம் வேண்டுமா, வேண்டாமா என்பதில் யார் எந்தப் பக்கம் என்பதை வாக்காளர் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டனர். ஒப்பந்தத்தை எதிர்த்த பெரோவுக்கு ஏறத்தாழ 19 சதவீத வாக்குகள் கிடைத்தன. ஆனால் ஒரு மாநிலத்தில் கூட அவர் வெல்லவில்லை. ஒப்பந்தம் 1994 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் வேட்பாளரைத் தலைமைக் கழகம் அறிவிக்கிறது. பட்டியல் வெளியான மறுநாள் காலையில்தான் நம் தொகுதியில் நிற்பவர் யார் என்பதே நமக்குத் தெரிகிறது. ஆகவே ஆளை எடை போட நமக்குக் கிடைக்கும் காலம் மூன்று, நான்கு வாரம்தான். அந்தக் குறுகிய காலத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'நீங்கள் சொல்வதைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?' என்பது.

இதற்கும் அமெரிக்காவே நல்ல உதாரணம். 1988-இல் மூத்த புஷ் புதிய வரி எதுவும் போட மாட்டேன் என்று உறுதி கூறி வென்றார். ஆனால் அங்கே வரிச் சட்டம் இயற்றும் அதிகாரம் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அதில் பெரும்பான்மை எதிர்க்கட்சியிடம் இருந்தது. 1990-இல் பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்க அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டபோது வரி உயர்ந்தது. 1992-இல் அவர் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அந்த உறுதிமொழி கடைசி வரை அவரைத் துரத்தியது. மாறாக டிரம்ப் 2024 பிரசாரத்தில் இறக்குமதிச் சரக்குகளுக்கு வரி போடுவேன் என்றார், 2025-இல் போட்டார். ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு மொத்தம் 50 சதவீதம் என்றானபோது திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் திகைத்து நின்றனர். அவசர நிலைச் சட்டத்தைக் காட்டித் தலைவரே வரி போடலாமா என்று அங்கே வழக்கு நீதிமன்றம் ஏறியது. அதிகாரம் யாரிடம் என்ற கேள்வி அவர்களுக்கும் எழுந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். நெய்வேலி 2011-இல்தான் தனிச் சட்டமன்றத் தொகுதியாக முதல் தேர்தலைக் கண்டது. அதற்கு முன் குறிஞ்சிப்பாடித் தொகுதியோடு சேர்ந்திருந்தது. நகரியத்தின் வட்டங்களில் சாலை, குடிநீர், மின்சாரம், கடை ஒதுக்கீடு எல்லாம் என்.எல்.சி. நிர்வாகத்தின் கையில். நகராட்சியும் கிடையாது, நகர்மன்ற உறுப்பினரும் கிடையாது. எனவே கடை வாடகையைக் குறைப்பேன் என்று ஒரு சட்டமன்ற வேட்பாளர் சொன்னால், அவரால் செய்யக்கூடியது நிர்வாகத்திடம் நமக்காகப் பேசுவது மட்டுமே. நிர்வாகமோ மத்திய அரசின் நிலக்கரித் துறைக்குக் கட்டுப்பட்டது. பேசுவதற்கும் ஆள் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பேசுவதாகச் சொல்வதும் குறைப்பதாகச் சொல்வதும் ஒன்றல்ல. மந்தாரக்குப்பத்திலோ வடலூரிலோ கடை வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு உள்ளாட்சி உண்டு. தொழில் உரிமமும் குப்பை வரியும் அங்கே போய்க் கேட்கலாம்.

அடுத்து, நெய்வேலியில் எல்லாக் கட்சியும் எல்லாத் தேர்தலிலும் பேசுகிற பங்கு விற்பனை. இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் இதில்தான் சொல்லும் செயலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைக்கின்றன.

1956-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தில் 2006-இல் மத்திய அரசின் பங்கு 93.56 சதவீதம். அவ்வாண்டு ஜூன் மாதம் 10 சதவீதத்தை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தொழிலாளர்கள் ஜூலை முதல் வாரத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி, முடிவைக் கைவிடாவிட்டால் மத்திய அரசிலிருந்து தி.மு.க. விலக நேரும் என்ற அளவுக்குச் சென்றார். சில நாட்களுக்குள் பிரதமர் மன்மோகன் சிங், நெய்வேலி மட்டுமல்ல, எல்லாப் பொதுத்துறைப் பங்கு விற்பனையையும் நிறுத்தி வைத்தார். தி.மு.க.வுக்கு மக்களவையில் 16 இடங்கள் இருந்தன. அவர்கள் இல்லாமல் அரசு நிற்பது கடினம். அந்த 16-தான் தராசில் எடைக்கல்லாக விழுந்தது.

2013-இல் மறுபடியும் பிரச்சினை எழுந்தது. பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற செபி விதிக்கு ஆகஸ்டு மாதம் கெடு. இம்முறை தி.மு.க. ஏற்கெனவே மார்ச் மாதமே கூட்டணியை விட்டு வெளியேறியிருந்தது. மிரட்ட எடைக்கல் இல்லை. ஜூலையில் மீண்டும் வேலைநிறுத்தம். முதலமைச்சர் ஜெயலலிதா வேறு வழி சொன்னார்: விற்றே ஆக வேண்டுமானால் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்றார். செபியும் ஒப்புக்கொண்டது. 3.56 சதவீதப் பங்கை ஏறத்தாழ 358 கோடி ரூபாய்க்கு மாநில அரசின் 5 நிறுவனங்கள் வாங்கின. விதியும் நிறைவேறியது, பங்கும் தனியாரிடம் போகவில்லை. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதைக் கெட்டிக்காரத்தனமான தீர்வு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் பங்குகள் சந்தைக்கு வந்தன. 2024 மார்ச்சில் 7 சதவீதம் விற்கப்பட்டு மத்திய அரசின் பங்கு சுமார் 72 சதவீதத்துக்கு இறங்கியது. 10 சதவீதத்துக்கு ஒரு மத்திய அரசே ஆட்டம் கண்ட ஊர் இது! இடைப்பட்ட காலத்தில் டில்லியில் தனிப் பெரும்பான்மை அரசு வந்துவிட்டது. தமிழகக் கட்சி எதுவும் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. 'பங்கு விற்பனையைத் தடுப்பேன்' என்று மேடையில் முழங்குபவரிடம், டில்லியில் உங்கள் கட்சியின் கணக்கு எத்தனை, அந்தக் கணக்கு யாருக்குத் தேவைப்படுகிறது என்று கேட்பதில் தவறில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. பங்கு விற்பனை வேறு, தனியார்மயம் வேறு. அரசிடம் பாதிக்கு மேல் இருக்கும் வரை நிர்வாகம் அரசுடையதே. நம் பற்று நோட்டைப் பொறுத்தவரை, பங்கு யாரிடம் இருக்கிறது என்பதைவிட, நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சம்பளம் எவ்வளவு, அது தேதியில் வருகிறதா என்பதுதான் முக்கியம் என்பது நம் கருத்து. நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்று ஊரைக் காலி செய்கிறார். அந்த இடத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளி வந்தால் மாத மளிகைப் பட்டியல் பாதியாகிறது. சம்பளத் தேதிக்குப் பிறகு நம் கடைகளில் கூட்டம் முன்போல் இல்லை என்று உறுப்பினர்கள் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். மேடைகளில் பங்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இதைப் பற்றிப் பேசுபவர் குறைவு.

நிலம் கொடுத்தவர்கள் விஷயத்திலும் ஒரே ஆள் இரண்டு தராசு வைத்திருப்பதைப் பார்க்கலாம். கிராமத்தில் பேசும்போது சுரங்க விரிவாக்கமே கூடாது என்பார். நகரியத்துக்குள் வந்தால் நிறுவனம் வளர வேண்டும் என்பார். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கியபோது மாவட்டமே கொதித்தது. நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. நமக்குக் கிராமத்து வாடிக்கையாளரும் வேண்டும், நகரியத்து வாடிக்கையாளரும் வேண்டும். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே பேச்சைப் பேசுபவர் யார் என்று கவனிப்பது நமக்குத்தான் எளிது. இரு தரப்பினரும் நம் கடைக்கு வந்து அவர் பேசியதைச் சொல்கிறார்கள் அல்லவா?

இனி வரி. ஜி.எஸ்.டி.யை ஒழிப்பேன் என்று சட்டமன்றத் தேர்தலில் சொல்வோர் உண்டு. அதை எந்த ஒரு மாநிலமும் தனியே ஒழிக்க முடியாது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு எடை வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மத்திய அரசு ஒப்பாமல் எதுவும் நடக்காது, மத்திய அரசும் தனியாக எதையும் செய்துவிட முடியாது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை கட்டி, லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி வந்தது நினைவிருக்கும். எதிர்க்கட்சிகள் கண்டனம் தெரிவித்தன. மன்றத்தில் எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டு எடுத்த முடிவு இது என்று மத்திய நிதியமைச்சர் விளக்கமளித்தார். ஆலைக்காரர்கள் உடனே 26 கிலோ சிப்பம் போட்டு வரியிலிருந்து தப்பித்தனர். சிப்பமாக வாங்க முடியாமல் 5 கிலோ, 10 கிலோ பை வாங்கும் ஏழைக்குத்தான் வரி விழுந்தது. நம்மிடம் வாக்குக் கேட்டு வருபவரிடம், உங்கள் அமைச்சர் அந்த மன்றத்தில் என்ன சொன்னார் என்று கேட்பதே சரியான கேள்வி.

முன்பு வாட் வரி வந்தபோதும் இதே கதைதான். பெரும்பாலான மாநிலங்களில் 2005 ஏப்ரலில் வந்தது; வணிகர் எதிர்ப்பால் தமிழகத்தில் தள்ளிப்போனது; ஆட்சி மாறிய பிறகு 2007 ஜனவரி 1-இல் வந்தே விட்டது. ஜி.எஸ்.டி. அரசியல் சட்டத் திருத்தத்தின்போது 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது, 2017 ஜூனில் தமிழகச் சட்டமன்றத்தில் மாநில ஜி.எஸ்.டி. மசோதாவை அதே கட்சியின் அரசு நிறைவேற்றியது.

சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றி ஒரு செய்தியை மட்டும் சொல்லி முடிக்கிறோம். 2012 செப்டம்பரில் 51 சதவீதம் வரை அனுமதி என்று மன்மோகன் சிங் அரசு அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் தேதி மக்களவையில் எதிர்த் தீர்மானம் 218-க்கு 253 என்ற வாக்கில் தோற்றது. கொள்கையை எதிர்ப்பதாகச் சொன்ன தி.மு.க. அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது; சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளிநடப்பு செய்தன. எதிர்த்து வாக்களித்த பா.ஜ.க. 2014-இல் ஆட்சிக்கு வந்தது; ஆனால் அந்த விதியை ரத்து செய்யவில்லை. தமிழகத்தில் அனுமதிப்பதில்லை என்று ஜெயலலிதா அரசு அறிவித்தது மட்டும் செல்லுபடியாயிற்று, ஏனெனில் அனுமதிப்பதும் மறுப்பதும் மாநிலத்தின் விருப்பம் என்று அந்த விதியிலேயே இருந்தது.

வேட்பாளர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். தேர்தல் அதிகாரி அலுவலகத்திலும் ஒட்டப்படும். ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால் அவையில் என்ன கேட்டார், எந்தப் பக்கம் நின்றார் என்பது அவைக் குறிப்பில் கிடைக்கும். 2021-இல் நம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 977 வாக்குகள். நம் கடை வீதிகளில் உள்ள குடும்பங்களை மட்டும் எண்ணினாலும் அதைவிட அதிகம் வரும் என்பதை இப்போது கைகூப்பி வருபவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.