ஹனோயில் இடமா, வலமா?

ஹனோய் விமான நிலையத்தில் எங்கள் சைக்கிள் பெட்டிகள் இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்ததும் பெரிய நிம்மதி. அங்கிருந்து ஹோ சி மின் நகர் வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். நானும் மகனும் 25 நாளில் மிதித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். மறுநாளே கிளம்ப வேண்டும் என்பது என் அவசரம்.

"ஒரு நாள் ஊரைப் பார்த்துட்டுப் போகலாம்பா" என்றான் மகன்.

பழைய நகரப் பகுதியில் பல தெருக்களுக்கு, ஒரு காலத்தில் அங்கே விற்ற பொருளின் பெயர். ஹங் பாக் வெள்ளித் தெரு. ஹங் துவோங் சர்க்கரைத் தெரு. இன்று எந்தத் தெருவிலும் மோட்டார் சைக்கிள் வெள்ளம். ஓடாமல், நின்றுவிடாமல் ஒரே சீராக நடந்தால் வண்டிகள் நம்மைச் சுற்றிப் போய்விடுகின்றன. நடப்பதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டோம்.

சைக்கிள் ஓட்டுவது வேறு கதை. மலேசியாவில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, வியட்நாமிலோ வலப்பக்கம்.

மறுநாள் விடியலில் லோங் பியன் பாலத்துக்குப் போனோம். சிவப்பாற்றின் மேல் பிரெஞ்சுக்காரர்கள் 1902இல் கட்டி முடித்த இரும்புப் பாலம். போர்க்காலத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சில் சிதைந்து மீண்டும் சீரமைக்கப்பட்டது. நடுவில் ரயில், இரு ஓரமும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும். கார்களுக்கு இடமில்லை. இந்தப் பாலத்தில் மட்டும் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன! சொந்த ஊர்ச் சாலையில் போவது போல உற்சாகமாக மிதித்தேன்.

அதுதான் வினையானது. பாலம் முடிந்த பிறகும் நான் இடப்பக்கமே போனேன். எதிரே காய்கறி மூட்டைகளோடு மோட்டார் சைக்கிள்கள். ஹாரன் காதைப் பிளந்தது. ஓரமாக ஒதுங்கிக் காலை ஊன்றித் திரும்பினால், என் பின்சக்கரத்தை ஒட்டியே மகன்.

"தப்பான பக்கம்னு தெரியலையாடா?"

"தெரிஞ்சதுப்பா. நீங்க போறீங்களேன்னு வந்தேன்."

எனக்கு வாயடைத்துவிட்டது.

பயணத்தை இன்னொரு நாள் தள்ளி வைத்தோம். நம் ஊரில் பின்வரும் வண்டிகள் வலப்பக்கமாக முந்தும், அங்கே இடப்பக்கமாக. அதனால் கைப்பிடியின் வலப்புறம் இருந்த கண்ணாடியைக் கழற்றி இடப்புறம் மாட்டினோம். எதிர்வண்டிகளைக் கடந்து இடப்பக்கம் திரும்புவதைக் காலியான சந்திகளில் திரும்பத் திரும்பப் பழகினோம். நீண்ட பயணம் போகிறவர்கள் இந்த இரண்டு நாளையும் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பிய காலையில் மகனை முன்னால் போகச் சொன்னேன்.

"தப்புன்னு பட்டா, உடனே கத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினான்.