மஹோகனிப் பட்டையும் முள்ளம்பன்றிப் பல்லும்

கண்டிப் பக்கத்து மடவளையில் காணி உள்ள பலர் வேலியோரம் நாலைந்து மஹோகனியை நட்டு வளர்க்கிறார்கள். 25, 30 வருடம் பொறுத்தால் ஒரு கல்யாணச் செலவுக்கு ஆகும், ஒரு வீட்டின் கதவு நிலைக்கும் ஆகும். அந்தப் பொறுமையை ஒரு முள்ளம்பன்றி சில இரவுகளில் தின்று முடித்துவிடும்.

அதற்கு வேண்டியது அடிமரத்துப் பட்டை. இலை செய்யும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். சுற்றிவரக் கொறித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். மேலே இலை பச்சையாகவே நிற்பதால் நமக்கு விஷயம் தெரிவதே தாமதமாகத்தான். ஒரு பக்கம் பட்டை மிஞ்சியிருந்தால் மரம் பிழைக்க வாய்ப்புண்டு, ஆகவே வாரம் ஒரு தடவையாவது அடிமரத்தைக் குனிந்து பாருங்கள். காயம் முழங்கால் உயரத்துக்குள் இருந்து, பக்கத்தில் முள்ளும் கிடந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். உச்சிக் கிளையில் பட்டை உரிந்திருந்தால் மலை அணிலைச் சந்தேகிக்கலாம்.

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம், பயிரை அழிக்கும் குரங்கு, மந்தி, மலை அணில், மயில் எண்ணப்பட்டன. இரவில் வரும் முள்ளம்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. நம் காவலை நாமேதான் பார்க்க வேண்டும்.

கனமான கம்பி வலையை இரண்டரை அடி உயரத்துக்கு மரத்தைச் சுற்றித் தளர்வாகக் கட்டி, அடியை மண்ணில் புதையுங்கள். வருடம் ஒருமுறை தளர்த்தாவிட்டால் மரம் பருத்து அந்த வலையே பட்டையை அறுத்துவிடும். அடிப்பற்றையை வெட்டித் துப்புரவாக்கினால் முள்ளம்பன்றி ஒளிய இடமிராது.

சுருக்குக் கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோன பிறகும் இறந்தது. தும்பறை மலைகளிலும் சிறுத்தை உண்டு. கண்ணிக்கு எது பன்றி, எது சிறுத்தை என்று தெரியாது. வீட்டு மின்சாரத்தை வேலியில் இழுத்தால் விடியற்காலையில் விறகு பொறுக்க வரும் அயல்வீட்டுப் பிள்ளையும் சாகலாம், நீங்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியும் வரும். சுடலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் விலங்குக்கு விலங்கு வேறுபடுகின்றன. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்ட பிறகே எதையும் செய்யுங்கள். சேதத்தைத் திகதியுடன் படமெடுத்துக் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பட்டை முழுவதும் போன மரமும் உடனே வீணாவதில்லை. பர்மாவில் தேக்கை வேண்டுமென்றே பட்டை சீவி, நின்றபடியே காயவிட்டுத்தான் வெட்டினார்கள், ஆற்றில் மிதக்க வேண்டும் என்பதற்காக. பூச்சி துளைக்குமுன் வெட்டினால் பலகைக்கு விலை உண்டு. பலா என்றால் சொந்தக் காணியில் நின்றாலும் வெட்டுவதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். மஹோகனியை லொறியில் ஏற்றுமுன் வன பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் கையில் இருக்கட்டும்.