இருமுறை சிப்பாயாக இறக்கப்பட்ட தளபதி! தெரியுமா?

குதிரையிலிருந்து விழுந்து தேர்வில் தோற்றவர்தான் பின்னாளில் ஒரு நாட்டின் கடலையே காப்பாற்றினார், தெரியுமா?

கொரியாவில் யாங்பன் என்றால் மேட்டுக்குடி. அதில் 1545-ல் பிறந்தவர் யீ சுன் சின். பிறப்பு மட்டும் போதாது, பதவி வேண்டுமானால் அரசுத் தேர்வில் ஜெயிக்க வேண்டும். 1572-ல் படைத் தேர்வுக்குப் போனார். குதிரை ஓட்டும்போது விழுந்து கால் முறிந்தது. சட்டென்று எழுந்து, வில்லோ மரப்பட்டையை உரித்துக் காலில் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றாராம்! அப்படியும் தேர்ச்சி கிடைக்கவில்லை. 1576-ல்தான் ஜெயித்தார்.

பால்போ கடற்படைத் தளத்தில் இவர் பொறுப்பில் இருந்தபோது, யாழ் போன்ற வாத்தியம் செய்ய முற்றத்து மரத்தை வெட்டித் தரும்படி மேலதிகாரி ஆளனுப்பினார். "அது அரசாங்கத்து மரம்" என்று மறுத்துவிட்டார். ஒரு மரத்துக்காக மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

1587-ல் வட எல்லையில் ஜுர்ச்சென் என்ற பழங்குடியினர் தாக்க, பழி இவர்மேல் விழுந்தது. பதவி போய், சாதாரணச் சிப்பாய் ஆனார்! பிறகு ஜொங்அப் என்ற சிற்றூருக்கு நிர்வாக அதிகாரி. அங்கிருந்து 1591-ல் ஒரே தாவல்: ஜொல்லா கடற்படைத் தளபதி! பரிந்துரைத்தவர் அமைச்சர் ரியூ சொங் ரியோங், இவருடைய பால்ய நண்பர்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். 1592-ல், முதுகில் கூரை மூடிய ஆமைக் கப்பலில் பீரங்கியைச் சுட்டுப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதினார். மறுநாளே ஜப்பானியப் படை கொரியாவின் பூசான் துறைமுகத்துக்கு வந்துவிட்டது!

போரில் வெற்றிமேல் வெற்றி. ஆனால் 1597-ல் அரசரே இவரைச் சிறையில் அடைத்து வதைத்தார். மறுபடியும் சிப்பாய். மகனைப் பார்க்கக் கப்பலில் புறப்பட்ட தாய் வழியிலேயே இறந்தார். இறுதிச் சடங்கு முடியும்வரை இருக்கக்கூட இவருக்கு அனுமதி இல்லை.

அதற்குள் கொரியக் கடற்படை அழிந்தது. மீண்டும் இவரையே அழைத்தார்கள். மிஞ்சியவை 12 கப்பல்கள், பிறகு இன்னொன்று சேர 13. எதிரே 133! மியோங்நியாங் ஜலசந்தியின் குறுகலையும் நீரோட்டத்தையும் துணையாக்கி ஜெயித்தார். தம் கப்பல் ஒன்றுகூட மூழ்கவில்லை.

1598-ல் நோரியாங் போரில் குண்டு பாய்ந்தது. தம் சாவை வெளியே சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

கொரிய நாடகத்தில் 100 வொன் நாணயம் கண்ணில் பட்டால் உற்றுப் பாருங்கள். அதிலிருக்கும் முகம் இவருடையதுதான்.